வெங்காயம் இல்லாத அத்தோ

“கடையும் எரிஞ்சு போச்சு, கல்லாவும் எரிஞ்சு போச்சு. இந்த மொதலாளி மூஞ்சி மட்டும் எப்படிங்க தீயில தப்பிச்சு எங்கூடவே ரயிலேறி வந்துச்சு?”

நாகம்மா இப்படிக் கேட்டது கல்கத்தா பவானிபூரில் ஒரு சந்துக்குள், ஒற்றை அறை வாசலில் நின்றுகொண்டு, குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி. கேட்டது கட்டின புருஷனை. கேட்ட மொழி தமிழானபடியால் குழாயடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கரண்டி பிடித்திருந்த தினுசிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

சுந்தரம் சொன்னது இவ்வளவுதான்: “நான் உசுரோட இருக்கையில எம்பொண்டாட்டி தெருவுல நின்னு அத்தோ விக்க வேணாம். நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“எந்த நாலு பேரு? இந்தக் கல்கத்தாவுல உங்கள எவனுக்குத் தெரியும்? அந்த நாலு பேர மொதல்ல கூட்டிட்டு வாங்க. ஆளுக்கு ஒரு ப்ளேட்டு அவுங்ககிட்டயே வித்துர்றேன்.”

சுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தோற்றால் துண்டை உதறுவது அவர் வழக்கம். அந்தத் துண்டு சீக்கிரம் நைந்துபோனதற்கு வேறு காரணம் கிடையாது.

அத்தோ என்றால் பர்மாக்காரர்களின் நூடுல்ஸ். வேகவைத்ததில் முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி, பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், வறுத்த கடலைமாவு, காய்ந்த இறால்பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசறிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்களிடம் சுங்கக்காரன் பிடுங்கிக்கொள்ள முடியாமல் போன சொத்து இது ஒன்றுதான்.

நாகம்மா பிறந்தது பர்மாவில். வளர்ந்ததும் வாக்கப்பட்டதும் மோரேயில். மோரே என்பது மணிப்பூரின் கடைக்கோடி. அதைத் தாண்டிக் கால் வைத்தால் பர்மா. அங்கே தமிழர்களுக்குக் கோயில் உண்டு, கடைவீதி உண்டு. சுந்தரத்துக்குக் கம்பளிக் கடை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைச்சுமையாகக் கம்பளியும் குடையும் ப்ளாஸ்க்கும் வந்து இறங்கும். சுமந்தவர்கள் வேறு, எண்ணி அடுக்கியவள் நாகம்மா, கல்லாவில் உட்கார்ந்து சிரித்தவர் சுந்தரம். மனுஷனுக்குப் பேரம் பேசத் தெரியும், அதை மறுக்கக் கூடாது. மற்றபடி உட்காரத்தான் தெரியும்.

பிறகு தொண்ணூறுகளில் அந்த மலைப்பக்கம் வெட்டுக்குத்து மூண்டது. யாருக்கு யார் மேல் கோபம் என்று நாகம்மாவைக் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. சண்டை போட்டவன் வேறு, எரிந்த கடை இவளுடையது. “மாடு ரெண்டு முட்டிக்கிட்டா நடுவுல நின்ன செடி நசுங்கத்தான் செய்யும். போயி மாட்டுகிட்டயா ஞாயம் கேக்க?” என்பாள். அதற்கு மேல் அந்தக் கதையைப் பேச மாட்டாள். காதிலும் கையிலும் கிடந்தது வழிச்செலவுக்குப் போயிற்று. கவுகாத்தி வந்து, ரயிலேறி, ஹவுராவில் இறங்கினார்கள்.

அங்கிருந்து மெட்ராஸ் ரயில் பிடித்து, சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஹவுராவில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த தூரத்துச் சொந்தம் பன்னீர்செல்வத்தின் குவார்ட்டர்ஸில் ரயில் வரும்வரை தங்கல். கட்டின மூட்டையை நாகம்மா அங்கேயே பிரித்துவிட்டாள்.

“சொந்த ஊரு சொந்த ஊருங்கிறீங்களே, அங்க உங்களுக்கு என்ன இருக்கு? உங்க அப்பாரு வித்த நெலம் இருக்கு. வித்தவன் மகன்னு போயி நின்னா குந்தச் சொல்லுவானா? இங்கன நம்மள ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாத எடத்துலதான் வெக்கப்படாம பொழைக்கலாம்.”

வெட்கம் அவளுக்கு இல்லை. சுந்தரத்துக்கு இரண்டு பேருக்குமானது இருந்தது. பன்னீர்செல்வம் ஒரு கட்டிடத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்துச் சொன்னார். “இன்னொருத்தன் வாசல்ல காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு நான் நிக்கிறதா?” என்று சுந்தரம் துண்டை உதறினார். டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோவில் கூட்டத்தோடு நிற்க ஆள் எடுத்தபோது மட்டும் மறுக்காமல் போனார். பட்டு வேட்டியும் முலாம் பூசின சங்கிலியும் போட்டு ஜமீன்தார்கள் வரிசையில், கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். கூலி ஒரு லுச்சிப் பூரிப் பொட்டலமும் பஸ் காசும். வீட்டுக்கு வந்தும் அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த வருத்தம் அவருக்கு வெகு நாள் தீரவில்லை.

சோறு வந்த வழி நாகம்மாவின் கை வழி. துறைமுக ஆபீசில் அதிகாரியாக இருந்த வைத்தியநாதன் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்து, பவானிபூரில் அந்த ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். வெங்காயம், பூண்டு வாசலைத் தாண்டாத வீடு. பெருங்காயத்தையும் இஞ்சியையும் வைத்துக்கொண்டு நாக்கை ஏமாற்றும் வித்தையை அங்கேதான் பழகினாள். அந்த வீட்டம்மா வசுமதி நல்லவள். மூக்குத்தான் சற்றுக் கூர்மை.

“நாகம்மா, உன் கைமணம் நன்னாத்தான் இருக்கு. ஆனா நேத்து சாம்பார்ல என்னமோ கருவாட்டு வாடை அடிச்சுதே.”

“அது எம்பொடவை வாடைம்மா. நீங்க சாம்பாரச் சாப்புட்டீங்களா, பொடவையச் சாப்புட்டீங்களா?”

வசுமதி சிரித்துவிடுவாள். அதனால் அந்த வேலை நிலைத்தது. ஆனால் வைத்தியநாதனுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. லாரி, கூலியாள், படிக்காசு எல்லாம் சர்க்கார் செலவு. பீரோவுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்துக்கொண்டே நாகம்மா கேட்டாள்: “நாங்களுந்தான் ஊரு மாறி வந்தோம். எங்களுக்கு எவன்மா லாரி அனுப்புனான்?” வசுமதி பழைய பாத்திரங்களையும் தள்ளுவண்டி வாங்கக் கொஞ்சம் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

வண்டி வந்துவிட்டது. நிறுத்த இடம்? கல்கத்தாவில் தெய்வத்தைக்கூடச் சுலபமாகப் பார்க்கலாம், நடைபாதையில் நாலடி கிடைக்காது. அந்தச் சந்தில் யார் எங்கே நிற்பது என்று சொல்கிறவன் பொல்டுதா. தெருக் கிளப்பின் செயலாளர். வயசு நாகம்மாவின் பிள்ளை வயசு. ஆனாலும் சின்னவர் பெரியவர் எல்லாரும் ‘தா’ போட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பேசுவது வங்காளம், இவள் பேசுவது மோரேச் சந்தை இந்தி; மிச்சத்தைக் கைகள் பேசிக்கொண்டன. அவளை அவன் கூப்பிட்டது மாஷி, அதாவது சித்தி, என்று.

“ஸ்வீட் கடைச் சுவரோரமா நில்லுங்க மாஷி. துர்க்கா பூஜை வரைக்கும். பூஜைக்குக் கூட்டம் பிடிச்சுட்டீங்கன்னா அந்த எடம் எப்பவும் ஒங்களுது. இல்லேன்னா எதிர்ச் சுவர்ல முட்டை ரோல் விக்கிற நம்ம எக்ரோல்காரனோட மச்சான் ஒருத்தன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். அவனுக்குக் குடுத்துருவேன்.”

இதற்குத்தான் அன்று வாசலில் அந்தச் சண்டை. நாலடி நடைபாதை என்று சுந்தரத்துக்குக் கேவலமாகத் தெரிந்தது. நாகம்மாவுக்கோ, எழுந்து போ என்று இனி ஒருத்தன் சொல்ல முடியாத இடம் பூமியில் எங்காவது நாலடி வேண்டியிருந்தது. அது ஸ்வீட் கடைச் சுவரோரமாக இருந்தாலும் சரி.

பூஜை நெருங்கியது. சந்து முனையில் மூங்கில் கட்டிப் பந்தல் எழுந்தது. பத்துக் கை துர்க்கை வந்து நின்றாள். ஊரே திரண்டு வந்து விடிய விடியத் தெருவில் தின்னும் என்று எல்லாரும் சொன்னார்கள். நாகம்மா விழுந்து விழுந்து வேலை செய்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. தமிழச்சிதான் செய்வாள் அந்தத் தப்பை, வேறு யாருக்கும் தோன்றாது.

நவராத்திரி. மோரே கோயிலில் கொடி ஏறினால் தமிழர் வீட்டு அடுப்பில் கறி, மீன், கருவாடு ஒன்றும் ஏறாது. அம்மன் எல்லா ஊரிலும் அம்மன்தானே. ஆகவே இறால் டப்பாவைப் பரணில் ஏற்றினாள். முட்டை கிடையாது. வெங்காயமும் பூண்டும் வேண்டாம் என்று வசுமதி வீட்டுப் பக்குவத்துக்கே போய்விட்டாள். முட்டை சேராத நூடுல்ஸாகத் தேடிப் பிடித்தாள். வேர்க்கடலை, இஞ்சி, பெருங்காயம், எலுமிச்சை, நிறையக் காரம். பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் துலக்கினாள். “சுத்தமா செஞ்சிருக்கேன். சாமியே வந்து வாங்கித் திங்கலாம்,” என்று பெருமை வேறு.

சஷ்டி அன்று சாயங்காலம் கூட்டம் வந்தது. புதுச்சட்டைப் பையன்கள் வண்டியைச் சூழ்ந்தார்கள்.

“மாஷி, முட்டை போட்டா?”

“முட்டை இல்ல.”

“சிக்கன்?”

“இல்ல.”

“இறாலாவது இருக்கா?”

“அம்மன் அங்க நிக்கிறா, இங்க நின்னு இறால் கேக்குற. நாக்குல சூடு வெப்பா.”

பையன்கள் சிரித்துக்கொண்டே எதிர்ச் சுவரோரம் எக்ரோல்காரனிடம் போனார்கள். அவன் கல்லில் முட்டையும் கோழியும் சடசடவென்று பொரிந்தன. துர்க்கைக்கே மூக்கு இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாள். நாகம்மா நியாயம் கேட்கப் பந்தலுக்குப் பின்னால் போனாள். அங்கே பொல்டுதா, நவமிக்கு எத்தனை ஆடு சொல்லலாம் என்று சமையல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“பூஜையில கறியா?” நாகம்மா வாயில் கை வைத்தாள்.

“மாஷி, துர்க்கா இந்த வீட்டுப் பொண்ணு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. ஒங்க வீட்டுக்கு மக வந்தா கீரையா ஆக்கிப் போடுவீங்க?”

நாகம்மா வண்டிக்குத் திரும்பி வந்தாள். அன்றிரவு பிசறின நூடுல்ஸ் முக்கால் பங்கு மிஞ்சியது. எக்ரோல்காரன் மச்சான் வந்து, ஸ்வீட் கடைச் சுவரைக் காலடி போட்டு அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

சப்தமி மத்தியானம் சுந்தரம் ஒரு தட்டு நிறைய முட்டையோடு வந்து நின்றார். யாரிடம் எப்படி வாங்கினார் என்று கேட்க நேரமில்லை.

“ஒடச்சு ஊத்து நாகு. ஊரோட ஒத்துப் போ.”

“தெருவுல நிக்கக் கூடாதுன்னீங்க. இப்ப முட்ட தூக்கிட்டு வர்றீங்க?”

“நின்னுட்ட. இனி தோத்துட்டு வேற நிக்கணுமா?”

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு உருப்படியான பேச்சு வந்து நாளாகியிருந்தது. நாகம்மா ஒரு முட்டையை எடுத்தாள். வாணலி விளிம்புக்குக் கொண்டுபோனாள். அம்மனைப் பார்த்தால் பயமாக இருந்தது. அந்த மச்சானின் காலடியை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

“இரு. ஒடைக்காத.”

வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி. பொல்டுதாவின் அப்பாவோடு பிறந்த அத்தை. தெருவே பிஷிமா என்று கூப்பிடும். கட்டினவன் போன நாளிலிருந்து அவளுக்கு மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. அங்கத்து வழக்கம் அது. புருஷன் செத்ததற்கு வெங்காயம் என்ன பாவம் செய்தது என்று இதுவரை ஒரு சாஸ்திரியும் விளக்கவில்லை. வருஷா வருஷம் பூஜையில் வீட்டுக் குழந்தைகள் ரோலும் கட்லெட்டும் தின்பதைப் பார்த்துக்கொண்டு, பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் வேலை.

“இதுல வெங்காயம் இருக்கா?”

“இல்ல.”

“பூண்டு?”

“இல்ல.”

“ஏதாவது உசுரு?”

“எதுவும் இல்ல. பிசையிற கையில மட்டும் கொஞ்சம் உசுரு இருக்கு.”

“அப்ப குடு. காரம் தூக்கலா.”

நாகம்மா முட்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். பிசறிக் கொடுத்தாள். பிஷிமா நின்றபடியே தின்றாள். மூக்கில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். சூப்பைக் குடித்தாள். இன்னொரு தட்டு வாங்கினாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

“ரெண்டு ப்ளேட்டு தின்னுட்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வரல பாரு அந்தக் கெழவி வாயில,” என்றார் சுந்தரம்.

கிழவி சொல்லத்தான் போயிருந்தாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் சந்துக்குள்ளிருந்து வெள்ளைப் புடவைகளாக வந்தன. தெருவில் நின்று தின்பதா என்று கூச்சப்பட்டவளைக் கூச்சப்படாதவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர்களைப் பார்த்து எதிர்க் கட்டிடத்து குஜராத்திக் குடும்பங்கள் இறங்கின. அவர்களுக்கு நவராத்திரியில் வெங்காயமும் பூண்டும் ஆகாது. பூஜைத் தெருவில் முகர்ந்து பார்க்கக்கூடப் பயந்து, மாடியிலிருந்தே பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லாமல் வரிசை ஸ்வீட் கடையைத் தாண்டி வளைந்தது.

சுந்தரம் தனக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி விளக்குக் கம்பத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது வங்காளப் பேப்பர்.

“ஏங்க, பாத்தது போதும், தலைகீழா வச்சிருக்கீங்க. வந்து சூப்ப ஊத்துங்க.”

வந்தார். ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் வரிசையை ஒழுங்கு பண்ணி, “ஆயியே பெஹன்ஜி” என்று குஜராத்திப் பெண்களை வரவேற்கவும் ஆரம்பித்தார். நடுவில் முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு காணாமல் போனார். எக்ரோல்காரன் சரக்குத் தீர்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனிடமே வாங்கின விலைக்கு மேல் வைத்து விற்றுவிட்டுத் துண்டை உதறாமல் திரும்பி வந்தார். கல்கத்தாவில் அவர் செய்த முதல் வியாபாரம் அது.

அஷ்டமி, நவமி இரண்டு நாளும் நாகம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. நவமி சாயங்காலம் பொல்டுதா பார்த்துவிட்டான். அவன் அத்தை, நடுத்தெருவில், கையில் தட்டோடு.

“பிஷிமா, என்ன இது? நம்ம வீட்டுப் பெரியவங்க ரோட்டுல நின்னு... பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“என்னத்தச் சொல்லுவாங்க? மீன் தின்னேனா, வெங்காயம் தின்னேனா? விதவை மொளகா திங்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? காட்டு.”

பொல்டுதாவால் காட்ட முடியவில்லை. வரிசையில் நின்ற மற்ற வெள்ளைப் புடவைகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் பாதிப் பேர் அவனைக் குளிப்பாட்டி விட்டவர்கள். சத்தம் போடாமல் அவனும் ஒரு தட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

தசமியோடு துர்க்கை ஆற்றுக்குப் போனாள். பந்தல் மூங்கிலை அவிழ்க்கும்போது நாகம்மா வண்டியோடு வந்தால், சுவரோரத்தில் எக்ரோல்காரன் மச்சான் அடுப்பை இறக்கிக்கொண்டிருந்தான். கூடவே பொல்டுதா, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

“மாஷி, பூஜைக் கூட்டம் வேற. இனிமே ஆபீஸ்காரங்க, காலேஜ் பசங்க. அவங்களுக்கு முட்டை வேணும், கறி வேணும். ஒங்களால முடியாது.”

நாகம்மாவுக்குப் பயம் வந்தால் வாய்தான் முதலில் திறக்கும். “கூட்டம் புடிச்சா எடம் என்னுதுன்ன. புடிச்சேனா இல்லையா? அத மட்டும் சொல்லு. முட்டை போட எனக்குத் தெரியாதா? இறால் போட்ட அத்தோ நீ தின்னதே இல்ல. அதத் தின்னவன் வேற தெருவுக்குப் போக மாட்டான்.”

பொல்டுதா தலையைச் சொறிந்தான். அதற்குள் பிஷிமா வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் கொண்டுவந்திருந்த முக்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். பெரியவளை எழுப்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டான். முக்காலியைக் கேட்கவும் வாய் வரவில்லை.

“எடம் இவளுது,” என்றாள் பிஷிமா பொல்டுதாவைப் பார்த்து. அப்புறம் நாகம்மா பக்கம் திரும்பினாள். “நீ இறால் போடு, முட்டை போடு, யானையப் போடு. எனக்கென்ன. ஆனா அது பட்ட சட்டியில எங்களுக்குப் பொரிச்சேன்னா, இந்தத் தெருவுல ஒரு வெள்ளப் பொடவையும் ஒன் பக்கம் வராது. எதிர் வீட்டு குஜராத்திக்காரிங்களும் அதையேதான் சொல்லச் சொன்னாங்க.”

“சட்டி மட்டும் இல்லம்மா, கரண்டியும் தனி. வாயி மட்டுந்தான் எனக்கு ஒண்ணு,” என்றாள் நாகம்மா.

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் இரண்டாவது வாணலி வாங்கப் படகேறி ஹவுராவுக்குப் போனார்கள். பட்டறைத் தெருவில் இரும்பு வாணலிகள் குட்டிச் சுவர் மாதிரி அடுக்கிக் கிடந்தன. நாகம்மா ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு, அகலமும் கனமுமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

“இனி நீங்க பேசுங்க,” என்றாள்.

சுந்தரம் வாணலியைப் புரட்டிப் பார்த்தார். பிடிக்கிற காது சரியில்லை என்றார். கடைக்காரன் நூற்றிருபது என்றான். சிரித்தார், டீ வரவழைக்கச் சொன்னார், அவனுடைய ஊரைக் கேட்டார், எழுந்து போகிற மாதிரி போய்த் திரும்பி வந்தார். டீயும் அவன் செலவில் குடித்தாகிவிட்டது. கடைசியில் வாணலி, ஒரு இரும்புக் கரண்டியோடு சேர்த்து, தொண்ணூற்றெட்டு ரூபாய்.